எழுபத்தொன்பது கிலோவுக்கான பட்டம்

கடைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கடைக்காரப் பெண்ணிடமிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது.

“அண்ணா, உங்க எடை எவ்வளவு?”

“எழுபத்தொம்பது,” என்றார் அவர், வகுப்பிலேயே முதலாவதாக வந்த பிள்ளை மார்க் சொல்வது மாதிரி. “நேத்துக் காலையில பார்த்தது. போன மாசம் எழுபத்தஞ்சு.”

பக்கத்தில் நின்ற மனைவி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கடைக்கு வந்தால் நிறம் கேட்பார்கள், அளவு கேட்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். துணி வாங்கப் போனால் யாராவது எடை கேட்கிறார்களா? அவள் தையல்காரி. மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் எல்லாம் கேட்டிருக்கிறாள். எடையை ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் இது வேறு துணி. கடலுக்கு மேலே காற்றில் ஏறி, கீழே பலகையில் நிற்கிற ஆளைத் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு போகிற பட்டம். இருபது வருடமாக அவருக்கு அதுதான் பைத்தியம். வாரம் ஆறு நாள் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பார். ஏழாவது நாள் காற்று அடித்தால் ஆள் வீட்டில் இருக்க மாட்டார். கல்யாண நாள் என்றாலும் சரி, தலைபோகிற காரியம் என்றாலும் சரி. இதற்காக அவள் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. இப்போது அவளே பேருந்தில் இரண்டு மணி நேரம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பழைய நண்பர்கள் இருக்கும் கடற்கரைக்குப் போக அவர் ஒப்பவில்லை. “எண்பது வரட்டும், அப்புறம் அவனுங்க முன்னாடி நிக்கிறேன்,” என்றார். அதனால்தான் முன்பின் தெரியாத இந்தக் கடை.

நீளமான கடை. இரண்டு பக்கமும் மரத்தட்டுகளில் பட்டங்களைச் சுருட்டிப் பைகளில் போட்டு அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பையிலும் ஓர் எண்: ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பதினேழு. எத்தனை சதுர மீட்டர் என்பது அந்த எண். முன்கதவு கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. வெயிலில் முகம் கறுத்துப்போன கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேசிக்கொண்டே ஆளை எடை போடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண் அவரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. பிறகு மனைவியைப் பார்த்தது. மனைவி சட்டென்று பைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இங்க இந்த சீசன்ல பத்து நாட் வேகத்துலதான் காத்து வரும்ணா. மெதுவான காத்து. எழுபத்தொம்பது கிலோன்னா...”

“பதினேழு,” என்று அவரே முடித்தார். “எனக்குத் தெரியும்மா. காத்து கொஞ்சமா இருந்தா துணி நிறைய வேணும். சின்னதை எடுத்துட்டுப் போனா கரையில உக்காந்து வேடிக்கைதான் பார்க்கணும்.”

“சின்னதே எடுத்துக்கலாமே,” என்றாள் மனைவி. “தூக்கிட்டுப் போக சுலபமா இருக்கும்.”

“இது என்ன கூடையா, தூக்கிட்டுப் போக? பேசாம இரு.” கோபமில்லை அவர் குரலில். கடைக்காரப் பெண்ணிடம் திரும்பி, “இவளுக்குக் கடல்னா பயம். இருபது வருஷமா கரையில நின்னு என்னைத் திட்டுறதுதான் இவ வேலை,” என்று சிரித்தார்.

சிரிக்கும்போது முகம் நிறைந்துதான் தெரிந்தது. மாத்திரைகள் முகத்தை மட்டும் உப்ப வைத்திருந்தன. கழுத்துக்குக் கீழே இருந்ததை அவள் மறைத்திருந்தாள். வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து ஏழு மாதம் ஆகிறது. அந்த ஏழு மாதத்தில் அவருடைய சட்டைகளையும் கால்சட்டைகளையும் அவர் தூங்கும் நேரம் பார்த்து ஒன்பது தடவை பிரித்துப் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம். துணி உடம்போடு ஒட்டி நின்றால் உடம்பு இருக்கிறது என்று மனுஷன் நம்பிவிடுகிறான்.

எடை விஷயம் அவள் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டாம் மாதம், ஒரு காலையில் முள் அறுபத்து நான்கிலிருந்து அறுபத்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. அவர் இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அவள் கெஞ்சினாள், கத்தினாள், அழுதாள். மூன்றாம் நாள் காலை, எடை பார்க்கும் மெஷினின் அடியில் இருந்த சின்னத் திருகைக் கட்டைவிரலால் கொஞ்சம் திருகி வைத்தாள். முள் அறுபத்தாறு காட்டியது. அன்று அவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. ஆள் ஏறாதபோதே முள் பூஜ்யத்தைத் தாண்டி நிற்பது தெரியாமலிருக்க, ஈரக்கால் வழுக்கும் என்று காரணம் சொல்லி மெஷின்மேல் துண்டைப் போட்டு வைப்பாள். அவர் ஏறி நின்ற பிறகுதான் எண் தெரிகிற இடத்திலிருந்து துண்டை விலக்குவாள். எழுபது, எழுபத்து மூன்று, எழுபத்தாறு. ஒவ்வொரு ஞாயிறும் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு அவர் எண்ணைச் சொல்வார், மகள் அந்தப் பக்கம் சந்தோஷத்தில் அழுவாள். மருத்துவமனையில் எடை போடும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் மனைவி கேட்டுக்கொண்டாள். போன மாதம் டாக்டர் அவளை மட்டும் தனியாக அழைத்து, “இனி அவருக்குப் பிடிச்சதைச் செய்யட்டும்மா, தள்ளிப் போடாதீங்க,” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

பிடித்தது கடல். அதனால்தான் இந்தப் பயணம். அவர் ஒரு தடவையாவது தண்ணீரில் இறங்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதைவிட அவள் அதிகமாக ஆசைப்பட்டாள்.

“இதை மாட்டிப் பாருங்கண்ணா,” என்று கடைக்காரப் பெண் இடுப்பில் கட்டும் அகலமான கச்சையைக் கொடுத்தாள். பட்டத்தின் இழுப்பு முழுவதும் அதன் கொக்கியில்தான் வந்து நிற்கும். அவர் வழக்கமாகப் போடும் அளவைச் சொல்லி வாங்கிக் கட்டினார். பட்டையை இழுத்தார், இன்னும் இழுத்தார், முனைவரைக்கும் இழுத்தார். கச்சை இடுப்பில் நிற்காமல் சரிந்து இறங்கியது.

“இப்பல்லாம் அளவைப் பெரிசு பெரிசா தைக்கிறாங்க,” என்றார்.

கடைக்காரப் பெண் சரிந்து இறங்கிய கச்சையைப் பார்த்தாள். பிறகு பதினேழாம் எண் பையின்மேல் கை வைத்துக்கொண்டு, அவருக்குச் சொல்வதுபோல மனைவிக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அண்ணா, உங்களுக்குத் தெரியாதது இல்ல. இவ்வளவு பெரிய பட்டத்தைப் பிடிச்சு நிறுத்துறது கையில்ல, உடம்போட எடை. பத்து நாட்ல போயிட்டிருக்கும்போது காத்து திடீர்னு பதினஞ்சு ஆச்சுன்னா, எடை இருக்கிறவர் சமாளிச்சுடுவார். இல்லாதவரை அது தூக்கிட்டுப் போயிடும். ரெண்டு வருஷம் முன்னாடி இங்க ஒருத்தர், அறுபது கிலோ. பதினேழுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். நானும் கொடுத்துட்டேன். அந்தக் கல்லுக் கரை தெரியுதில்ல, அதுல கொண்டுபோய் அடிச்சுது. அவர் இன்னும் நடக்கல.”

“அறுபது கிலோ ஆள் எதுக்கு பதினேழு எடுக்கணும்? புத்தி வேணாமா?” என்றார் அவர்.

“அதுக்கப்புறம் நான் ஒரு வழக்கம் வச்சிருக்கேன். பின்னால பார்சல் எடை போடுற மெஷின் இருக்கு. பெரிய பட்டம் வாங்குறவங்க யாரா இருந்தாலும் ஒரு தடவை ஏறி நிக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதுல என்னம்மா தப்பு? நல்ல வழக்கம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நடந்தார். கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, தரையோடு தரையாக ஓர் இரும்புத் தகடு. அதற்கு மேலே சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி. இங்கே துண்டு இல்லை, திருகும் இல்லை. அவர் கையை வீசிக்கொண்டு போனார். அந்த நடையைப் பார்த்தபடி அவள் பின்னாலேயே போனாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மெஷின் சொல்லிவிடும். மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று அவர் சண்டை போடலாம், அவளும் ஆமாம் போடலாம், அடுத்த கடையில் பதினேழை வாங்கிக்கொண்டு போகலாம். அப்படியும் ஒரு வழி இருந்தது. அந்த வழியின் முடிவில் கல்லுக் கரை இருந்தது.

“ஏறாதீங்க,” என்றாள்.

அவர் திரும்பினார்.

“நம்ம வீட்டு மெஷின் சரியில்ல. நான்தான் திருகி வச்சேன்.”

“என்ன திருகின?”

“நீங்க சாப்பிடல. எடை ஏறினா சாப்பிட்டீங்க. அதனால ஏத்தி வச்சேன். ரெண்டாவது மாசத்துலேர்ந்து.” அவர் சட்டையைக் காட்டினாள். “துணியெல்லாம்கூட நான்தான் பிடிச்சேன்.”

கடைக்காரப் பெண் ஓசைப்படாமல் முன்பக்கம் போய்விட்டாள். அவர் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். சட்டையின் விளிம்பைத் தூக்கி, உள்பக்கம் மடிப்புக்குமேல் மடிப்பாகப் பிடித்திருந்த தையலை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல தையல். வெளியே ஒரு சுருக்கம் தெரியாது.

“எவ்வளவு?” என்றார்.

“போன வாரம் ஆஸ்பத்திரியில அம்பத்தெட்டுன்னு எழுதினாங்க.”

“அம்பத்தெட்டு.” அந்த எண்ணை அவர் மெதுவாகச் சொன்னார். “பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“வாரா வாரம் அவகிட்ட நான் என் வாயால சொன்னேன். எதிர் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். மருந்துக் கடைக்காரர்கிட்ட சொன்னேன். ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேன். நீ பக்கத்துல நின்னு தலையாட்டின.”

“ஆமா.”

“என்னைச் சின்னப் பிள்ளையாக்கிட்ட.”

அவருக்கு அவமானமாக இருந்தது, அதற்குக் கீழே பயமாக இருந்தது. இரண்டையும் அவர் முகத்தில் அவள் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவரை அவள் எத்தனையோ தடவை நோகடித்திருக்கிறாள். இவ்வளவு ஆழமாக ஒருநாளும் இல்லை.

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் எழுந்தார். இரும்புத் தகட்டில் ஒரு காலை வைத்தார், மறு காலையும் வைத்தார். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. ஐம்பத்தேழு புள்ளி ஆறு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் இறங்கி ஏறினார். அதேதான்.

“அம்மா,” என்று முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “அம்பத்தேழரைக்கு எது?”

“பன்னெண்டு போதும்ணா,” என்றாள் கடைக்காரப் பெண், வந்து நின்று, ஒன்றும் நடக்காதது மாதிரி. “இந்தக் காத்துக்கு அதுவே நல்லா இழுக்கும். கைக்கும் சுலபம். கரையோரமா அரை மணி நேரம் போயிட்டு வாங்க, நான் படகுல பின்னாலயே வர்றேன்.”

“பன்னெண்டு,” என்று அவர் தலையாட்டினார். இறங்கி ஒதுங்கி நின்று மனைவியைப் பார்த்தார். “நீ ஏறு.”

“நான் எதுக்கு? நானா பட்டம் விடப் போறேன்?”

“ஏறுன்னா ஏறு.”

வாக்குவாதம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வீட்டில் இருந்த ஒரே எடை மெஷினைக் கெடுத்து வைத்தவள் அவள். அதில் தானும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஏழு மாதமாக அவளுக்குத் தோன்றவே இல்லை. போன வருடம் அறுபத்தொன்று இருந்தாள். உடம்பைக் குறை என்று அவர் ஓயாமல் கேலி செய்வார்.

நாற்பத்தாறு புள்ளி இரண்டு.

அவர் அந்த எண்ணைப் படித்தார். தன்னுடைய எண்ணைப் பார்த்தபோது கலங்காத கண் இப்போது கலங்கியது. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றி வந்து ஒன்றோடொன்று இடித்தன.

“எனக்கு நீ திருகி வச்ச,” என்றார். “உன்னை யாரு சாப்பிட வச்சா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். தட்டின் முன்னால் கடைசியாக எப்போது உட்கார்ந்தாள் என்று நினைவில்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் நினைவில் இருந்தது.

அவர் அவள் கையை விடாமல் அவளைத் தகட்டிலிருந்து இறக்கினார். குனிய முடியாத மனிதர், காலாலேயே அவள் செருப்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

“பன்னெண்டை எடுத்து வைங்கம்மா,” என்றார் கடைக்காரப் பெண்ணிடம். “பக்கத்துல சாப்பாட்டுக் கடை எங்க இருக்கு? நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு வந்துடுறோம்.”