ஏட்டையா களைந்த கொடுக்குகள்

காவல் நிலையத்தில் ஒருவனை அடைக்கும் முன் அவனுடைய இடைவாரையும் அரைஞாண் கயிற்றையும் கழற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். கயிறு இருந்தால் கைதி கழுத்தில் மாட்டிக்கொள்வான்; பழி நிலையத்தின் தலையில் விழும். விடுவிக்கும்போது சாமான்களைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற சுடலையாண்டிக்கு இந்த விதி இரத்தத்தில் ஊறியது. ஆகவேதான், மேலகரத்து வீட்டின் பின்னறையில் மகள் ஜெயபிரியா சிவகிரியிலிருந்து பிடித்துவந்து பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த செந்தேள்களை, அவள் வெளியே போயிருந்த ஒரு காலைப்பொழுதில், அவர் ஒவ்வொன்றாக நிராயுதபாணி ஆக்கினார்.

கருவி, நகவெட்டி. சமையலறை இடுக்கியால் வாலைப் பற்றி, நுனியில் வளைந்து நின்ற ஊசிமுனையை மட்டும் நறுக்கினார். அதற்கு மேல் ஒரு நூலிழைகூட உள்ளே போகவில்லை. கைதிக்குக் காயம் படக் கூடாது என்பதும் விதிதானே. ஒவ்வொரு பெட்டியையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே திறந்தார். ரவுடிகளின் அரிவாளுக்கு அஞ்சாதவர் தேளுக்கு அஞ்சுவார். இளம் வயதில் வைக்கோற்போரில் கொட்டு வாங்கி, விடிய விடிய வியர்த்துக் கிடந்தவர். அந்தக் கொட்டு மகளுக்கு விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் துணிவு.

மகள் தேளின் நஞ்சு மரபணுவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள் என்பதை ஊர் இன்னும் சரியாக உள்வாங்கவில்லை. தேநீர்க் கடை செந்தில்வேல் தினமும் கேட்பார்:

"ஏட்டையா, மக டாக்டராமே? ஊசி போடுவாளா?"

"அவ போட மாட்டாவே. அவ வளக்கது போடும்."

சுடலையாண்டியும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். தேளைக் கண்டதும் செருப்பைத் தேடுகிற ஊர். அதைப் படிக்கிற பெண்ணைக் கண்டால் கேலி. தேளினம் இந்த மலைத் தொடருக்கும் மூத்தது என்பது சிரித்தவர்களில் ஒருவருக்காவது தெரியுமா?

நண்பகலில் சாரலில் நனைந்தபடி ஜெயபிரியா வந்தாள். குற்றாலத்தில் ஆய்வுக்காக எடுத்திருந்த விடுதி அறையிலிருந்து நேராக வருகிறாள்.

"எப்பா, குற்றாலத்துத் தேளும் வேணுங்குற அளவு கெடைச்சிட்டு!"

"நானும் ஒரு வேல முடிச்சிட்டேம்மா. இனி ஒனக்குப் பயமில்ல. எல்லாத்தோட கொடுக்கையும் எடுத்துட்டேன்."

ஜெயபிரியா பின்னறைக்கு ஓடினாள். ஒரு பெட்டியைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எப்பா, எனக்கு வேண்டியதே அந்த வாலுதாம்பா."

அவர் மனைவி மாடத்தி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "கைதியப் பிடிச்ச கை சும்மா இருக்குமா? அரசாங்கம் ஓய்வு குடுத்தும் இந்த மனுசன் ஓயலியே!"

சுடலையாண்டி தடுமாறினார். "வெசம் ஒடம்புல இருக்காதாம்மா? மரபணு ஒடம்பு பூராவும் இருக்குன்னு சொன்னியே?"

"இருக்கும்பா. ஒங்க ஸ்டேஷன் மாதிரி நெனைச்சுக்கோங்க. ஒரிஜினல் எல்லாம் பீரோவுல கெடக்கும். எதை நகல் எடுத்து வெளிய அனுப்புதீங்களோ, அதை வச்சுத்தான் கேஸ் நடக்கும். தேளுக்கும் அப்படித்தான். வெசம் செய்யுத பக்கத்த வால் நுனியில இருக்குத பையில மட்டுந்தான் நகல் எடுக்கும். நேத்து நான் வெசத்தக் கறந்துட்டேம்லா, அதுக்கு அப்புறம் காலியான பைய நெறைக்க மடமடன்னு எடுக்கும். நாளைக்கு வாலத் திறந்து அந்த நகல வாசிக்கணும். நடுவுல நீங்க புண்ணாக்கிட்டீங்க. இப்பம் புண்ண ஆத்துத பக்கத்தையும் அது சேத்து எடுக்கும். எது எதுக்குன்னு நான் எப்படிப் பிரிப்பேன்?"

இழப்பு அவருக்கு மெல்ல விளங்கியது. சிவகிரிப் பாறைகளில் வாழும் செந்தேளும் குற்றாலத்துச் சாரலில் வாழும் செந்தேளும் ஓரினம். ஆனால், கொட்டுப்பட்டவர்களின் உடல் இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரி துடிப்பதில்லை என்று அவளுக்கு ஓர் ஐயம். இரண்டையும் ஒப்பிட்டால்தான், இரு ஊருக்கும் ஒரே மருந்து போதுமா என்று மருந்து செய்பவர்களுக்கு விடை கிடைக்கும். சிவகிரித் தேள்கள் இவ்வளவுதான் அகப்பட்டன. அடுத்த பருவத்துக்குள் அவளுடைய ஆய்வுக் காலம் முடிந்துவிடும்.

கடைசிப் பெட்டியைத் திறந்தவள் திகைத்தாள். தாய்த்தேள் ஒன்று, வெண்முத்துகள் போன்ற குஞ்சுகளை முதுகு நிறையச் சுமந்து, முழுக் கொடுக்கோடு நின்றது.

"இத ஏம்பா விட்டீங்க?"

"பொம்பளக் கைதிய ஆம்பளப் போலீஸ் சோதன போடக் கூடாதுல்லா? அதுவும் கைப்பிள்ளைகளோட."

"அப்பம் மத்தது எல்லாம் ஆம்பளையா?"

"மீசை இருக்கான்னு பாக்கலட்டி."

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நறுக்குண்ட தேள் ஒன்றை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஊசி இல்லை, ஆனால், அதன் அடியில் இருந்த குமிழில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே நச்சுப்பைகள் இரண்டும் பழுதின்றி இருந்தன.

"சத்தியமா இனி அந்தக் குற்றாலத்துப் பெட்டிய நான் தொட மாட்டேம்மா" என்றார் சுடலையாண்டி.

ஜெயபிரியா நிமிர்ந்தாள். "தொடணும்பா. நீங்கதான் தொடணும்."

குற்றாலத்துத் தேள்களில் அவள் இன்னும் நஞ்சு கறக்கவில்லை. அவற்றுக்கும் இதே வரிசையில் எல்லாம் நடக்கட்டும்: ஒரு நாள் கறத்தல், மறுநாள் அதே நகவெட்டியால் அதே கை நறுக்குதல், அதற்கடுத்த நாள் வாலைத் திறத்தல். இரு பக்கமும் புண் பொதுவாகிவிட்டால், புண்ணின் நகல் கணக்கில் கழிந்துபோகும். எஞ்சி நிற்பது நஞ்சின் வேற்றுமையாகவே இருக்கும். தாய்த்தேள் மட்டும் கணக்கில் சேராது.

"என் தப்ப ஆய்வுல எழுதுவியாம்மா? கேஸ் ஆயிராதே?"

"கட்டாயம் எழுதுவேன். மறைச்சாத்தாம்பா கேஸு."

மறுநாள் காலை சிவகிரித் தேள்களின் வால்நுனிகள் திரவ நைட்ரஜன் குடுவைக்குள் புகுந்தன. பிற்பகலில் தந்தையும் மகளும் குற்றாலத்துக்குப் போனார்கள். விடுதி வராந்தாவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி அறைக்குள் நுழைந்தார்கள். ஜெயபிரியா சன்னலைச் சாத்தி, புற ஊதா விளக்கை ஏற்றினாள். பெட்டிக்குள் அதுவரை துருப்பிடித்த கம்பித் துண்டாகக் கிடந்த தேள், பச்சையும் நீலமும் கலந்த சுடராக எழுந்தது. சுடலையாண்டி தம்மையறியாமல் ஓர் அடி முன்னே வந்தார்.

"ஏ யம்மா! இது இவ்வளவு அழகா?"

மெல்லிய மின்சாரம் வாலைத் தொட்டதும் ஊசிமுனையில் ஒரு துளி திரண்டது. முதலில் தெளிந்த நீர். பிறகு பால் நிறம்.

"இந்தத் துளிக்குள்ள எத்தனையோ புரதம் இருக்குப்பா. ஒவ்வொண்ணும் நரம்புல ஒரு பூட்டத் தேடிப் போவுது. ஆதியில இதுல சிலது கிருமிய எதுக்க வச்சிருந்த மரபணுதான்னு சொல்லுதாங்க. நகல் எடுக்கையில ஒண்ணு ரெண்டாச்சு. ஒண்ணு பழைய வேலையப் பாத்துது. இன்னொண்ணுல பெழ விழுந்து விழுந்து, அந்தப் பெழயே வெசமாயிட்டு."

"பெழயே பொழப்பாயிட்டா!" என்றார் அவர். துளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை சிறிய வாலுக்குள் இத்தனை பெரிய தொழிற்சாலை. காலியானவுடன், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் மறுபடியும் தொடங்கிவிடுகிற உழைப்பு! அடுத்த நாள் நகவெட்டியை எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தேளிடமும், "பொறுத்துக்கோ, எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்" என்று சொல்லியே நறுக்கினார்.

அதற்கு மறுநாள் குற்றாலத்து வால்நுனிகளும் சேர, குடுவை பெங்களூர் ஆய்வகத்துக்குப் போயிற்று. விடை வரும்வரை தாய்த்தேள் பின்னறையில் இருந்தது. நாள்தோறும் கரப்பான்பூச்சி பிடித்துப் போட்டவர் சுடலையாண்டி. குஞ்சுகள் முதல் தோலை உரித்து, முதுகை விட்டு இறங்கியதும், தனித்தனிக் கிண்ணங்களுக்கு மாற்றினார். செந்தில்வேல் கேலியாகக் கேட்டபோது இம்முறை அவர் சிரிக்கவில்லை. நகல் எடுக்கும் கதையை முழுவதும் சொல்லி முடித்த பிறகே தேநீரைத் தொட்டார்; அது ஆறிப்போயிருந்தது.

ஒரு மாலையில் ஜெயபிரியா கைப்பேசியோடு ஓடிவந்தாள்.

"எப்பா! புண்ணோட நகல் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு, கழிஞ்சிட்டு. ஆனா குற்றாலத்துத் தேளுல மூணு வெச மரபணு சத்தமாப் பேசுது. சிவகிரித் தேளுல அது மூணும் முணுமுணுக்கத்தான் செய்யுது. ரெண்டும் வேற வேறப்பா!"

"என் வெட்டு?"

"ஒரே சீரா இருந்திருக்கு. யாரு வெட்டுனதுன்னு என் ஆராய்ச்சிக் கைடு கேட்டாரு."

மறுநாள் சுடலையாண்டி பெட்டியும் கிண்ணங்களும் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு சிவகிரிப் பேருந்தில் உட்கார்ந்தார்.

"பையில என்ன அண்ணாச்சி?" என்றார் நடத்துநர்.

"கேஸு முடிஞ்சிட்டு தம்பி. ஊருல கொண்டு விடப் போறேன்."

பிடித்த அதே பாறையின் அடியில் முதலில் குஞ்சுகளையும், சற்றுத் தள்ளித் தாயையும் இறக்கிவிட்டார். தாய்த்தேள் திரும்பி நின்று, வாலை உயர்த்தி, கூரிய கொடுக்கை அவர் பக்கம் வளைத்தது. அவர் பின்வாங்காமல் குனிந்து பார்த்தார்.

"சாமான் எல்லாம் சரியா இருக்குல்லா? அப்பம் போயிட்டு வா."