பன்னிரண்டு நாள் தேடிய வினைச்சொல்

டிராசினேட். இந்த இழவெடுத்த ஆங்கில வினைச்சொல்லை முதலில் திட்டிக்கொள்கிறேன். என்னைத் திட்டிக்கொள்ள இன்னும் தைரியம் வரவில்லை.

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயரும் முகவரியும் தேதியும் உள்ள முதல் பக்கத்தை மேலாளர் தன் மேசை இழுப்பறையில் பூட்டிக்கொள்வார். மீதிப் பக்கங்கள்தான் எங்களிடம் வரும். யாருடைய விவகாரம் என்று எங்களுக்குத் தெரியக் கூடாதாம்.

அப்படி வந்த ஒரு கடிதத்தில்தான் அந்தச் சொல் இருந்தது. சாலையை அகலப்படுத்த ஏதோ ஒரு தெருவின் குடும்பங்களை டிராசினேட் செய்யப்போகிறார்களாம். ‘காலி செய்யவும்’ என்று எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்? எவனோ ஒரு அதிமேதாவி.

ஆனால் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ‘அகற்றுதல்’ என்று எழுதினால் சப்பென்று இருந்தது. ‘அப்புறப்படுத்துதல்’ குப்பைக்குத்தான் பொருந்தும். பெரிய அகராதியைப் புரட்டினேன். பிரெஞ்சில் வேருக்கு ஒரு சொல். அதன் முன்னால் நீக்குவதைக் குறிக்கும் ஒரு ஒட்டு. செடியை வேரோடு பிடுங்குவதும் அதுதான், மனிதரை அவர் மண்ணிலிருந்து பிரிப்பதும் அதுதான். இன்னும் பின்னால் போனால் லத்தீன். அந்த லத்தீன் வேரிலிருந்துதான் முள்ளங்கிக்கான ஆங்கிலப் பெயரும் வந்ததாம்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“முள்ளங்கி பிடுங்குற மாதிரி பிடுங்கப்போறாங்களாம்டி!” என்றேன் பக்கத்து மேசைக்காரியிடம். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேலாளர் தினமும் வந்து நின்றார். “அம்மா தாயே, ஒரு வார்த்தைக்கு எத்தனை நாளு?”

“சரியா அமையணும் சார். இப்ப யார் குடி முழுகிப்போச்சு?”

கடிதத் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்ற வரியையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாம் நாள்தான் மனசுக்குப் பிடித்தது கிடைத்தது: ‘வேரோடு பெயர்த்தெடுத்தல்’. மேலாளரே தலையாட்டினார். அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்று மாலை வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் அப்பா மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் கையில் ஒரு கடிதம், அம்மா கையில் ஒரு கடிதம்.

“நம்ம வீட்டை இடிக்கப்போறாங்களாம்டி,” என்றாள் அம்மா. “எழுதினவன் என்னமா எழுதியிருக்கான் பாரு, படுபாவி!”

படித்தேன். என் வாக்கியங்கள். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. மேலே எங்கள் தெருவின் பெயர், எங்கள் கதவு எண். மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன்.

“ஆட்சேபம் சொல்லலாமே...” என்றேன்.

“எங்க சொல்றது?” என்றார் எதிர்வீட்டுக்காரர். “பதினஞ்சு நாள் நேத்தோட முடிஞ்சுபோச்சு. கடுதாசி கைக்கு வந்ததே இன்னிக்குத்தான்.”

“நடுவுல எவன் கையிலயோ தூங்கியிருக்கு,” என்றார் அப்பா. “முப்பது வருஷம் பாடுபட்டுக் கட்டின வீடு. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல வழியில்லாம பண்ணிட்டான்.”

“அவன் விளங்குவானா? நாசமாப் போக!” என்று அம்மா கையை நெரித்தாள்.

“சபிக்காதம்மா,” என்றேன். “அது நான்தான்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். விளையாடுகிறேன் என்று நினைத்து அம்மா சிரிக்கக்கூடப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“தெரியாதும்மா. நம்ம தெருன்னு சத்தியமாத் தெரியாது. பன்னெண்டு நாள் எங்கிட்டதான் இருந்துச்சு.”

“பன்னெண்டு நாளா? என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?”

“ஒரு வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன்.”

அப்பா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு போய், ‘வேரோடு பெயர்த்தெடுத்தல்’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“இதையா?” என்று கேட்டார்.