டவுன்பைப் மாற்றிய அன்று

நீர்வேலியில் உள்ள கராச் ஒன்றில் கார் ஜாக்கியில் நின்றது. கீழே படுத்திருந்த சுபாஸ், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் றேர்போவிலிருந்து புகையை இறக்கும் டவுன்பைப்பைத் தட்டிப் பார்த்தான். அதை மூடியிருந்த தகடு கழன்று ஆடியது. கார் ஓடும்போது கேட்ட கலகலச் சத்தம் அதிலிருந்துதான்.

"கிளிப் ஒண்டு போட்டு இறுக்கினால் காணும் அண்ணை. பைப் நல்லாத்தான் இருக்கு."

முழுதாக மாற்றச் சொன்னான் கார்ச் சொந்தக்காரன் ஜெரிசன். கொழும்பிலிருந்து எடுப்பித்த அகலக் குழாய் பின் இருக்கையில் கிடந்தது.

"றேஸ் ஓடப் போறியளோ?"

ஜெரிசன் புதுக் குழாயை எடுத்து நீட்டினான். குருநகரில் அவன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அந்தத் தகட்டுச் சத்தம் வீடுவரை கேட்கும். மனைவி ஜெசிதா கேற்றைத் திறந்துவிட்டு நிற்பாள். ஒருநாளும் அவன் ஹோர்ன் அடித்ததில்லை. போன மாரியில் டெங்கு அவளைக் கொண்டுபோனது. அதன் பிறகும் கார் அதே இடத்தில் கலகலத்தது. கேற் திறந்திருக்கும் என்ற நினைப்பில் அவன் கால் பிரேக்கை மறந்தது. போன கிழமை கேற்றில் மோதியே விட்டான். சத்தம் போனால் அந்த நினைப்பும் போகும் என்று எண்ணினான்.

துருப்பிடித்த நட்டுகள் சுபாஸை நெடுநேரம் வதைத்தன. பொழுது சாயத்தான் வேலை முடிந்தது. புதுக் குழாயில் எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. கார் முன்னைவிட இலகுவாக இழுத்தது. அதற்கெல்லாம் அவன் சந்தோசப்பட்ட ஒரு காலம் இருந்தது.

ஒழுங்கையில் எதுவும் கலகலக்கவில்லை. கேற்றுக்கு முன் நிறுத்தி, இறங்கித் திறந்தான். இவ்வளவுதானா என்றிருந்தது.

உள்ளே மேசையில் அவன் சாப்பிடும் கோப்பை கவிழ்ந்தபடி கிடந்தது. மற்ற நாட்களில் அவன் கைகழுவி வருவதற்குள் பிட்டில் ஆவி பறக்கும், சொதி சுடும். எப்படி என்று அவன் யோசித்ததே இல்லை. குசினியிலிருந்து வந்த ஜெசிதாவின் தாய் பெர்னடெட், அவனைக் கண்டு திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தனீங்கள் தம்பி? ஆரோ றோட்டாலை போகினம் எண்டெல்லோ இருந்தனான்."

சொதியைச் சூடாக்கியபடி அவள் குறைப்பட்டாள். ஜெசிதாவின் தகப்பன் கடற்றொழிலுக்குப் போன காலத்தில், படகுக்குப் புது எஞ்சின் பூட்டினால் முதலில் கரையோரமாக இரண்டு தரம் ஓடிக் காட்டுவாராம். வீட்டில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தைப் பழகவேண்டுமாம். சின்ன வயதில் ஜெசிதாவும் தாயோடு கரையில் நின்று அப்படித்தான் பழகினாளாம்.

"சொல்லாமல் கொள்ளாமல் மாத்திக்கொண்டு வந்தால், நான் என்னத்தைக் கேட்டு அடுப்பை மூட்டுறது?"

ஜெரிசன் கதிரையில் இருந்தான். கவிழ்ந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியை எடுத்தான்.

"சாப்பிடாமல் எங்கை?"

"காரை ஒருக்கா ஓடிக்கொண்டு வாறன் மாமி. சத்தத்தைக் கேளுங்கோ."

ஒழுங்கை முனைவரை போய்த் திரும்பினான். மெதுவாக வீட்டைக் கடந்து போனான். மறுபடி திரும்பி வந்தபோது குசினி யன்னலில் மாமி நின்றாள். கோப்பை அவள் கையில் நிமிர்ந்திருந்தது.