கைராசி மேடு

வெள்ளிக் கம்பியைக் காரக் கரைசலில் நிறுத்தி மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால் அதன்மேல் ஓர் ஆக்சைடு படரும். இன்னும் ஏற்றினால் அது இன்னோர் ஆக்சைடாக மாறும். திரையில் ஓடும் வரைகோட்டில் இரண்டு மேடுகள். உலகம் முழுக்க அவ்வளவுதான். வேதியியல் துறைத்தலைவர் ஒருவரின் ஆய்வகத்தில் மட்டும் இரண்டுக்கும் முன்னால் மூன்றாவதாக ஒரு சின்ன மேடு எழுந்தது. ஊரார் பெயர் வைப்பதற்குள் தலைவர் தம் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்.

மேடு எல்லோருக்கும் வராது. கையுறை போட்டவர் யார் கம்பியைக் கரைசலில் இறக்கினாலும் இரண்டுதான். தலைவர் வெறுங்கையால் கம்பியை ஒருமுறை உருவிவிட்டால் மூன்று. ஆய்வக உதவியாளர் அதைக் கைராசி என்றபோது, விஞ்ஞானத்தில் ராசிக்கு இடமில்லை என்று தலைவர் கடிந்துகொண்டார். ஆனால் அன்றிலிருந்து தாம் உருவாத கம்பி எதையும் அவர் இறக்க விட்டதில்லை.

அவரிடம் இருந்த நான்காம் ஆண்டு ஆய்வு மாணவியின் ஆய்வேட்டில் பாதி அந்த மேட்டின்மேல் நின்றது. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. பட்டம் வந்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, மூன்று வயது மகளை அக்கா வீட்டில் விட்டிருந்தாள்.

தலைவர் மேட்டைப் பற்றி உரையாற்ற மூன்று வாரம் வெளிநாடு போனார். அவள் பதினான்கு கம்பிகளை இறக்கினாள். பதினான்கிலும் மேடு வரவில்லை. திரும்பி வந்து அவர் உருவினார்; வந்தது.

"பார்த்தியாம்மா, வெள்ளிக்கும் ஆள் தெரியுது" என்றார்.

மறுநாள் தலைவரின் மனைவி துறை வாசலில் அவளிடம் ஒரு களிம்பு டியூபைக் கொடுத்தார். வீட்டிலேயே மறந்துவிட்டாராம். விரலிடுக்கில் சொறியாம், நாலு வருஷமாகத் தீரவில்லையாம், கந்தகக் களிம்பாம். வெளியே தெரிந்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவள் புதுக் கம்பியில் கடுகளவு தடவி இறக்கினாள். மேடு எழுந்தது, தலைவருடையதைவிட லட்சணமாக.

டியூபையும் வரைபடத்தையும் அவர் மேசையில் வைத்தாள். தலைவர் முதலில் டியூபை இழுப்பறைக்குள் தள்ளினார். பிறகு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார்."

"அப்ப தேர்வை முடிச்சிடு. பட்டம் வந்துடட்டும். அப்புறம் நானே மெதுவா ஒரு திருத்தம் எழுதிடுறேன்."

மேசைக்கடியில் சொறிந்துகொள்ளும் சத்தம் கேட்டது. அவர் எழுதமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

"அந்த அத்தியாயங்களை எடுத்துடுறேன் சார்."

"எடுத்தா என்னம்மா மிஞ்சும்?"

"ரெண்டு மேடு."

அது ஊர் உலகத்துக்கே தெரிந்ததாயிற்றே என்றார் தலைவர். முதன்முறையாக அவர் சொன்னது முழுக்க உண்மையாக இருந்தது.

மாலையில் அக்காவுக்குப் போன் செய்து, இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

"அந்த மனுஷன் கையைக் கழுவியிருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்கு நீ ஒரு வருஷத்தைத் தொலைக்கணுமா?"

"பொய்யை வச்சுப் பட்டம் வாங்கிட்டு வர முடியாதுக்கா."

அக்கா போனைக் குழந்தையிடம் கொடுத்தாள். அக்கா பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மகளுக்கும் அதுவே வாயில் வந்தது.

"சித்தி, நீ எப்ப வருவே?"

அவள் அதைத் திருத்தவில்லை. அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.