மூத்த மாப்பிள்ளையின் எஞ்சின்

மூத்த மாப்பிள்ளைக்குத் தன் சகலையைக் கண்டாலே வயிறு எரியும். இரண்டு பேருக்கும் சோறு போடுவது ஒரே ஜப்பான் கார் கம்பெனிதான். ஆனால் இளையவன் இருப்பது முழு வண்டி வெளியே வருகிற ஆலையில். இவர் இருப்பது ஊருக்கு மறுகோடியில், எஞ்சின் ஆலையில். ரோட்டில் பளபளவென்று ஒரு வண்டி போனால் போதும், "நம்ம சின்ன மாப்பிள்ளை செஞ்ச வண்டி" என்று மாமனார் அவன் தோளைத் தட்டுவார். பானெட்டுக்கு அடியில் கிடக்கிற எஞ்சினை எவன் பார்த்தான்?

மாமனார் அதே கம்பெனியின் புது வண்டி ஒன்றை வாங்கிய அன்று எரிச்சல் உச்சிக்கு ஏறிவிட்டது. ஆளாளுக்கு இளையவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவருடைய மனைவியும்தான். அதற்கு மேல் இவருக்குப் பொறுக்கவில்லை.

"வண்டிக்கு உசுரே எஞ்சின்தான் மாமா. போல்ட்டை முடுக்கினதும் அடையாளத்துக்கு நான் மஞ்சப் பெயிண்ட்ல பொட்டு வைப்பேன். எல்லாரும் வாங்க, காட்டறேன்."

"இப்ப எதுக்குண்ணே? எல்லாரும் வெயில்ல நிக்கறாங்க" என்றான் இளையவன்.

அவன் தடுத்ததே இவரைக் கிளப்பிவிட்டது. பானெட்டைத் தூக்கி, எஞ்சின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார்.

போல்ட்டுகளின் மேல் இருந்தது நீலப் பொட்டு. பக்கத்தில் வார்ப்பிலேயே பதிந்திருந்த எழுத்தும் இவருடைய ஆலையினுடையது இல்லை. வேறு ஏதோ நாட்டில் செய்த எஞ்சின். இவர் அவசரமாக மூடியைத் திரும்ப வைக்கப் போனார்.

இளையவன் சட்டென்று குறுக்கே புகுந்தான். "மஞ்சளை நீலமா மாத்தி ரொம்ப நாளாச்சு மாமா. அண்ணன் பழைய ஞாபகத்துல சொல்றாரு. இது அவரு எஞ்சின்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

கூட்டம் உள்ளே போனதும் இவர் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இந்த மாடலுக்கு எஞ்சின் கப்பல்ல வருதுண்ணே. தினம் நான்தானே வண்டியில மாட்டறேன்."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? விடுங்க" என்று அவனும் உள்ளே போய்விட்டான்.

இதுவே மாறி நடந்திருந்தால் இவர் தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருப்பார். அது இவருக்கே தெரியும். நாலு பேர் முன்னால் அவன் மூக்கை உடைத்திருந்தால்கூட ஆயுசுக்கும் அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பாவி, பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டான். பொறாமை தாங்காமல் பானெட்டை ஓங்கி அறைந்து மூடினார்.

"மெதுவா, மாப்பிள்ளை" என்று உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "உங்க எஞ்சின்தானே."