தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில்

1

இந்தக் கதை என் தங்கையிடமிருந்து திருடியது. சொல்லிவிட்டுத்தான் திருடினேன், அதனால் திருட்டில் இருக்கும் சுகமும் போயிற்று.

முதல் வரியாக எழுதியது: "வானம் மனிதனின் ஆதித் தாகம்." படித்துப் பார்த்தால் யாரோ பொன்னாடை போர்த்த வருவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்தது: "சிறகொடிந்த பறவையாய் அவள்..." இதை முடிக்கவில்லை. ஒடிந்தது சிறகு இல்லை, விமானத்தின் மூக்குச் சக்கரம்.

2

நடந்தது இதுதான். தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாற்பதை நெருங்குகிறாள். ஞாயிறுதோறும், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானத்தை ஓட்டப் பழகுகிறாள். வலது இருக்கையில் பயிற்சியாளர். தனியாள், பேசினால் தேய்ந்துவிடும் என்று வார்த்தைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்.

இறங்கும்போது, தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில், விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். அப்போதுதான் பின்னாலுள்ள சக்கரங்கள் முதலில் படும். அந்த நொடியில் அவர் ஹெட்போனில் "ம்" என்பார். அப்படிச் சொல்வது அவருக்கே தெரியாது. அதைக் கேட்டுத்தான் தன் கை தூக்குகிறது என்று இவளுக்கும் தெரியாது.

முதல்முறை தனியாகப் பறக்க வேண்டிய நாளில் அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். ஒரு சுற்று. ஓடுபாதை எழும்பி வந்தது. இவள் காத்திருந்தாள். "ம்" வரவில்லை. மூக்குச் சக்கரம் முதலில் மோதி, துள்ளி, மறுபடி மோதி ஒடிந்தது. இவளுக்கு உதட்டில் ஒரு கீறல்.*

(* இங்கே அந்தக் காலி இருக்கையை வைத்து நவீன மனிதனின் தனிமை பற்றி ஒரு பத்தி இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியதால் எடுத்துவிட்டேன்.)

3

பயிற்சியாளரை வில்லனாக்கிப் பார்த்தேன். தங்கை படித்தாள்.

"அவருக்கு மீசையே கிடையாதுண்ணா."

"கதைக்கு வேணும்."

"எடுத்துடு. அவர் மேல தப்பே இல்லை. ஓடி வந்து கதவைத் திறந்தார். காத்து தள்ளிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்குப் பொய்?"

"உண்மையைச் சொன்னா அப்புறம் வாயே திறக்க மாட்டார்."

"திறக்க வேண்டாம். அப்பதான் நீ தனியா இறக்குவே."

டீயின் மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினாள்.

"தெரியாதா எனக்கு? மறுபடி தனியாப் போகணும்னு கையெல்லாம் துடிக்குது. ஆனா அந்தச் சத்தம்... வாரம் பூரா 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு நான்தான் ஊரைக் கேக்கறேன். எனக்குச் சரின்னு சொல்ற ஒரே ஆள் அவர்தான்."

எதற்கும் ஒரு நக்கலைத் தயாராக வைத்திருக்கும் நான், பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

4

முடிவுகள்:

அ) சொல்லிவிடுகிறாள். அவர் மௌனமாகிறார். அவள் தனியாகப் பறந்து பூப்போல இறங்குகிறாள். (தன்னம்பிக்கை நூல் போடுகிறவர்கள் தொடர்புகொள்ளலாம்.)

ஆ) சொல்லவில்லை. அவர் "ம்" என்றுகொண்டே இருக்க, இருவரும் ஆயுளுக்கும் பத்திரமாகத் தரையிறங்குகிறார்கள். தனியாக அவள் பறக்கவே இல்லை. (தங்கை இதைத் தேவைக்கு மேல் நேரமெடுத்துப் படித்தாள்.)

இ) "சார், மேலே இருக்கும்போது மட்டும் அந்த 'ம்' வேண்டாம். கீழே வந்தப்புறம்..." என்று அவள் ஆரம்பிக்க, அவர்...

"அவர் என்ன சொல்றார்?"

"இன்னும் எழுதலை."

"எழுதிக் குடேன். 'கீழே வந்தப்புறம்'க்கு அப்புறம் என்னன்னும் எழுது. அப்படியே போய்ப் பேசிடறேன்."

5

இன்று ஞாயிறு. விமானத்துக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று. தங்கை வாசலில் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு, நான் தரப்போகும் தாளுக்காக உட்கார்ந்திருக்கிறாள். எழுத எவ்வளவு நேரமாகும்? ஊரில் உள்ள பெரிய மனிதர்களுக்கெல்லாம் வசனம் எழுதிக் கேலி செய்தவன் நான். ஆனால் எழுதிக் கொடுத்தால், அவர் எதிரே நின்றுகொண்டு என் அடுத்த வரி வரட்டும் என்று காத்திருப்பாள்.

பேனாவை மூடிவிட்டேன். ஹாரன் அடிக்கிறாள்.

உங்களுக்கு ஒரு நல்ல வரி தோன்றியிருக்கும். தயவுசெய்து சன்னல் வழியாகக் கத்திவிடாதீர்கள்.