மெஷினுக்குத் தெரிந்த முகம்

மூன்றாம் முறையும் சிவப்பு விளக்கு எரிந்தது. முகம் பொருந்தவில்லை என்று மெஷின் அறிவித்தது. ஐம்பத்தெட்டு வருடமாக இந்த மூஞ்சியைச் சுமந்துகொண்டு திரிகிறேன், பொருந்தவில்லையாம்.

விமான நிலைய வாயிலில் நின்ற அதிகாரி தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அரசாங்கம் பதிந்து வைத்திருந்த என் படம் தெரிந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

"இதுல இருக்கறவரு வேற மாதிரி இருக்காரே சார்."

"இன்னிக்கு அவருக்கு சந்தோஷம். அதான் பிரச்சினை," என்றாள் என் மனைவி.

உண்மைதான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கிளட்சை மிதிக்கச் சொன்னால் பிரேக்கை மிதிக்கிறவர்களோடு முப்பது வருடம் குப்பை கொட்டியதில், கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று மட்டும் வாய் காதுவரை போயிருந்தது. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட ஒரே மகளை, இனி என் முகத்தில் முழிக்காதே என்று அனுப்பியவன் நான். மூன்று வருடமாகப் பேச்சில்லை. போன மாதம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. 'அப்பாவையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னா' என்று மனைவி சொன்ன நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தப் படம் மூன்று வருடம் முன்பு, மகள் வீட்டை விட்டுப் போன அதே வாரத்தில் எடுத்தது. அடையாள அட்டைப் பதிவு அலுவலகத்தில் நாலு மணி நேரம் காக்க வைத்த குமாஸ்தாவோடு சண்டை, அந்தக் கோபத்தில் அப்படி விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

"இதை எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். போன வாரத்துலேர்ந்து மெஷின் சொன்னாத்தான் நான் விடமுடியும். செக்-இன் மூட இருபது நிமிஷம் இருக்கு. கொஞ்சம் கோவமா பாருங்க."

முறைத்தேன். சிவப்பு. பல்லைக் கடித்தேன். சிவப்பு.

"வயித்து வலின்னு நெனச்சிருக்கும்," என்றார் பின்னால் நின்றவர்.

மனைவி களத்தில் இறங்கினாள். "உங்களைவிட உங்க தம்பி நல்லா கார் ஓட்டுவாரு."

சிரிப்பு வந்தது.

"போன வருஷம் நம்ம கார் நசுங்கினது நான் கேட்டுல இடிச்சதாலதான். எதிர்வீட்டுக்காரர் இடிக்கல."

பாவம், அந்த மனிதரோடு நான் ஒரு வருடமாகப் பேசவில்லை. அதற்கும் சிரிப்புத்தான் வந்தது. வரிசையில் இருந்த நாற்பது பேரும் செல்போனைப் பார்ப்பதுபோல் எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவ உங்களைக் கூப்பிடலங்க. என்னை மட்டும்தான் வரச் சொன்னா. மத்ததெல்லாம் நானா சொன்னது. நீங்க வர்றதே அவளுக்குத் தெரியாது."

என் முகத்தில் ஈயாடவில்லை. பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.

"அச்சு அசலா அதே முகம் சார்," என்று அதிகாரி மகிழ்ந்தார். "கோவம் வந்துடுச்சு."

வந்தது கோபமில்லை. மகள் பெட்டியோடு படியிறங்கிய அந்த வாரம் கேமரா முன் உட்கார்ந்தபோதும் இருந்தது கோபமில்லை. கட்டிய மனைவிக்குக்கூடக் காட்டாத முகத்தை அரசாங்கம் மூன்று வருடமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பின்னாலேயே மனைவி வந்தாள். முதல் தடவையே பச்சை. ஒரு மாதமாக முழுப் பொய்யைச் சுமந்தவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றேன்.

"வெளியே போறதுக்கும் முகம் பொருந்தணும் சார்," என்றார் அதிகாரி.

இன்னொரு தடவை அந்தக் கேமரா முன் நிற்க என்னால் ஆகாது. மனைவியின் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டேன்.

"சொல்லும்மா," என்றாள்.

"அம்மா இல்ல. நான்." மறுமுனையில் குழந்தை அழுதது. "ஏர்போர்ட்ல நிக்கறேன். இங்க உள்ள விட்டுட்டாங்க. நீ விடுவியா?"

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் அதைத் தோளில் மாற்றிப் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரும் எத்தனை மணிக்கு எறங்கறீங்க?" என்றாள்.